நல்லாத்தானே ஓடுது

என் அக்காவைக் கட்டியவர் லிஃப்ட் பரிசோதகர். இந்த ஊரில் மாடிக் கட்டடம் எத்தனை உண்டோ அத்தனையிலும் அவர் கையெழுத்து தொங்குகிறது. லிஃப்டுக்குள் பொத்தான்களுக்கு மேலே சட்டம் போட்ட தாள் ஒன்று மாட்டியிருக்குமே, யாரும் படிக்காத தாள், அதன் அடியில் கோழி கிளறியது மாதிரி ஒரு கிறுக்கல் இருக்கும். அதுதான் என் அத்தான். விருந்துக்குப் போன இடத்தில்கூட முதலில் லிஃப்டைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் வீட்டுக்காரர்களை.

நான் பேருந்து ஓட்டுகிறவள். பதினாறு வருடம் ஆகிறது. எனக்கு வாய் நீளம் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். சிக்னலில் நின்று நான் பேசுகிறதைக் கேட்டவர்கள், வீட்டில் நான் பேசுவது பாதிகூட இல்லை என்பார்கள்.

அத்தானின் தொழிலை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தடவை கூடவே போய்ப் பார்த்தேன். லிஃப்டைத் தூக்கும் எஃகுக் கயிற்றின் மேல் ஒரு பழைய துணியைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். எங்காவது ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் துணியில் மாட்டும். மாட்டிய இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எண்ணுவார். எண்ணிக்கை தாண்டிவிட்டால் பேச்சே கிடையாது. பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, லிஃப்ட் கதவில் கட்டித் தொங்கவிட்டுவிடுவார். அதற்கப்புறம் அமைச்சரே வந்தாலும் படியில்தான் ஏற வேண்டும்.

அன்றைக்கும் அப்படித்தான் கட்டினார். கட்டடக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சார், நல்லாத்தானே சார் ஓடுது?"

"விழுற வரைக்கும் எல்லா லிஃப்டும் நல்லாத்தான் ஓடும். விழுந்தப்புறம் செத்தவன் வீட்டு வாசல்ல போய் நின்னு இதையே சொல்லுவீங்களா?" என்றார் அத்தான்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டியும் இருப்பேன், அவர் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை நான் பார்க்காமல் இருந்திருந்தால்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வயது பதினாலு. வாங்கிய நாளில் வெள்ளையாக இருந்ததாம். நான் பார்த்த காலத்தில் பழைய பல் மாதிரி மஞ்சள். பொத்தான் உள்ளே போய்விட்டதால் அதை அழுத்த ஒரு பின்னல் ஊசி, நூல் கட்டிப் பக்கத்தில் தொங்கும். பெட்டியின் ஒரு பக்க மூடி கழற்றியே இருக்கும், சூடு தாங்காது என்று. அந்தத் திறந்த வயிற்றுக்கு நேராக ஒரு மேசை விசிறி. புழுக்கத்தில் என் அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வீட்டிலிருந்த ஒரே விசிறி கம்ப்யூட்டருக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். காலையில் ஊசியால் குத்திவிட்டுப் போனால், அக்கா பல் தேய்த்து, பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டுவிட்டு வரும்போது திரையில் பாதி எழுத்து வந்திருக்கும். மீதிக்கு இடப் பக்கம் ஒரு தட்டு தட்ட வேண்டும். வலப் பக்கம் தட்டினால் அணைந்துவிடும். அந்த வித்தையை அக்கா அடுப்புப் பற்றவைப்பது போலச் சாதாரணமாகச் செய்வாள்.

இதெல்லாம் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சத்தனம் என்றால்கூட நான் மன்னித்திருப்பேன். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் மூன்று தடவை புதுசு அனுப்பி வைக்கிறேன் என்றான். மூன்று தடவையும் அத்தான் வேண்டாம் என்றார். அவருக்கு அது ஒரு பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்குள் அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். "பதினாலு வருஷம்! இன்னும் ஒரு ஸ்க்ரூ மாத்தல. இப்ப வர்றதெல்லாம் மூணு வருஷத்துல மண்டையப் போட்டுரும்" என்பார். வந்தவர் தலையாட்டுவார். வேறென்ன செய்வார் பாவம், காபி இன்னும் வரவில்லையே.

"அத்தான், பஸ்ஸுல டயர் தேயலைன்னாலும் வயசாயிடுச்சுன்னா மாத்திடறோம். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள விட்டுப்போயிருக்கும். இதுக்கு மட்டும் எப்பத்தான் மாத்துறதா உத்தேசம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மச்சினி, பஸ்ஸுல ஜனங்க ஏறுறாங்க. லிஃப்டுல ஏறுறாங்க. இதுல யாரு ஏறி இறங்குறாங்க?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியோடு எல்லார் வாயையும் அடைத்துவிடுவார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

இதில் யார் ஏறி இறங்கினார்கள் என்று நான் சொல்கிறேன். அக்காவின் வேலை, கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் தயார் செய்வது. அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் பிரெயிலுக்கு ஏற்றபடி வரி வரியாக அடிப்பாள். பிறகு அச்சகத்தில் அதைப் புள்ளி புள்ளியாகத் தாளில் குத்தி எடுப்பார்கள், பிள்ளைகள் விரலால் தடவிப் படிப்பார்கள். கதைப் புத்தகம் என்றால் வேகமாகப் போய்விடும். இந்த வருடம் வந்தது பத்தாம் வகுப்புக் கணக்கு. பின்னம், வர்க்கமூலம், முக்கோணம், வட்டம். ஒவ்வொரு படத்தையும் விரலுக்குப் புரியும்படி வார்த்தையில் சொல்ல வேண்டும். ஒரு முக்கோணத்துக்கு என் அக்கா ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தான் எழுதியதைத் தானே படித்துப் பார்ப்பாள், முக்கோணம் மனதில் வருகிறதா என்று. வராவிட்டால் முதலிலிருந்து.

பன்னிரண்டு அத்தியாயம். பிரெயிலில் ஒன்பது தடிமனான புத்தகமாக வரும். அதற்காகக் காத்திருந்தவர்கள் நாற்பத்தொரு பிள்ளைகள். பள்ளி திறக்கும்போது கையில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் படிக்கும்போது இவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அக்கா எட்டு மாதமாக இதிலேயே மூழ்கிக் கிடந்தாள்.

முதல் நான்கு அத்தியாயத்தை பென் டிரைவில் போட்டு அச்சகத்தில் கொடுத்தாள். அங்கே பிழை திருத்துகிறவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர், எல்லாரும் அவரை விரல் சார் என்று கூப்பிடுவார்கள். விரலை ஓட்டி ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுவார். பிடித்ததும் போன் அடிப்பார். நான்கும் நன்றாக வந்தன. ஐந்தாவதைக் கொடுக்கப் போகும்போது பென் டிரைவ் செருகுகிற துளை செத்துவிட்டது. இரண்டு துளை இருந்தது, ஒன்று எப்போதோ போய்விட்டது, மிச்சமிருந்ததும் போனது. நான் ஓடிப்போய்ப் புது பென் டிரைவ் வாங்கி வந்தேன். புதுசைச் செருகினால் செத்தது பிழைக்குமா? இணையத்தில் அனுப்பலாம் என்றால், அந்தப் பெட்டியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உங்கள் மென்பொருள் மிகப் பழையது என்று ஒரு அறிவிப்பு வந்து கதவைச் சாத்தியது. பெட்டிக்குள்ளே போவதற்கு வழி உண்டு, வெளியே வருவதற்கு வழி கிடையாது.

"என்னோட லேப்டாப்பக் குடுக்கறேன், அதுல அடி" என்று அக்காவிடம் சொன்னேன்.

அவள் அத்தானைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு? எல்லாம் முடியட்டும். கடைசில டிஸ்க்கையே கழட்டி அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றார் அவர்.

"அதுக்குள்ள அந்த டிஸ்க் போயிட்டா?"

அப்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மச்சினி, லிஃப்டு ஒரு கயித்துலயா தொங்குது? அஞ்சு கயிறு. ஒவ்வொண்ணும் தனியாவே மொத்தப் பாரத்தையும் தாங்கும். ஒண்ணு அறுந்தா நாலு, நாலு அறுந்தாலும் ஒண்ணு. இங்க வந்து பாருங்க."

பார்த்தேன். திறந்த வயிற்றுக்குள் ஐந்து ஹார்ட் டிஸ்க். அலுவலகத்தில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்களிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தவை. இரண்டை உள்ளே திருகியிருந்தார், மூன்றை ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருந்தார். அக்கா அடிப்பதெல்லாம் தினமும் மாலையில் ஐந்திலும் ஒரே மாதிரி பதிவாகும்படி செய்திருந்தார். அவர் மூளையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த மூளையைப் போய் இதில் செலவழித்தாரே என்றுதான் வயிறு எரிகிறது.

கம்ப்யூட்டரின் உள்விஷயம் எனக்குத் தெரியாது. ஐந்து இருக்கிறதே, சரி போ என்று நானும் விட்டுவிட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விஷயம் தெரிந்தவர் ஒருவர் சொல்லத்தான் செய்தார். தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். மானிட்டர் ஒயர் ஒன்று கேட்டு அத்தான் போய் அவரைக் கூட்டி வந்த அன்று நானும் இருந்தேன். அந்த மனிதர் பெட்டிக்குள் குனிந்து பார்த்து, மூக்கை உறிஞ்சினார்.

"கருகின வாசனை வருது சார். பவர் சப்ளை ஆரம்பத்துல வந்ததா?"

"ஒரிஜினல்!" என்றார் அத்தான், மார்பை நிமிர்த்தி.

"அஞ்சாறு வருஷம்தான் சார் இதுக்கெல்லாம் கணக்கு. மிஞ்சிப் போனா எட்டு. கீபோர்டு, மானிட்டர் எல்லாம் கிடக்கட்டும், எத்தனை வருஷம் வேணாலும் வச்சிக்கோங்க. பவர் சப்ளைய மட்டும் இன்னைக்கே மாத்திடுங்க. அது போச்சுன்னா தனியா போகாது, கூட இருக்கறதையும் கூட்டிட்டுத்தான் போகும்."

அவர் படி இறங்குகிற சத்தம் ஓயவில்லை, அத்தான் ஆரம்பித்துவிட்டார். "விக்கிறவன் வேற எப்படிச் சொல்லுவான்? நல்லாத்தானே ஓடுது!"

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. இரண்டு காதாலும் கேட்டேன். கட்டடக்காரருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம். சொல்லிக் காட்டினேன். "இதுல யாரு ஏறி இறங்குறாங்க மச்சினி?" என்று சிரித்தார். அந்த நேரம் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

பள்ளி திறக்க ஐந்து வாரம் இருந்தபோது, பன்னிரண்டாம் அத்தியாயம் முடியப் போகிற நேரத்தில், ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தாள். அவள் வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறவள் இல்லை. நான் டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தேன்.

"ஒரு சத்தம் கேட்டுச்சுடி. அப்புறம் புகை வந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் போய்ச் சேரும்போது அத்தானும் வந்திருந்தார், பழுது பார்க்கிறவரையும் கூட்டி வந்திருந்தார். அறையெல்லாம் எரிந்த ரப்பர் நாற்றம். விசிறி மட்டும் இன்னும் பெட்டிக்கு வீசிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தான் கொண்டுவந்திருந்த கருவியில் மாட்டிப் பார்த்தார். முதலாவது. இல்லை. இரண்டாவது. இல்லை. அத்தான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தார். நாலாவதும் போனபோது, "பரவாயில்ல, இன்னும் ஒண்ணு இருக்கு" என்று அக்காவிடம் சொன்னார். ஐந்தாவதும் இல்லை.

"எப்படிங்க? அஞ்சு இருந்துச்சே!"

"அஞ்சும் ஒரே பவர் சப்ளைலதான சார் மாட்டியிருந்தீங்க. அது தாறுமாறா கரண்ட்டைத் தள்ளியிருக்கு. அஞ்சும் ஒண்ணாப் போயிடுச்சு."

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அத்தான், அஞ்சு கயித்தையும் ஒரே துருப்பிடிச்ச ஆணில மாட்டியிருந்தா, நீங்க அந்த லிஃப்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்றார். பழுது பார்க்கிறவர் தன் பையை மூடிக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டார். அந்த மனிதருக்கு இருந்த நாகரிகம்!

டிஸ்க்குகளை வேறு ஊரில் ஒரு இடத்துக்கு அனுப்பினார்கள், அங்கே உள்ளே இருப்பதை மீட்டுத் தருவார்களாம். அந்த ஒரு வாரமும் அக்கா அடுப்படியிலேயே இருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. சாப்பாடு போட்டாள், துணி மடித்தாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி மாடியிலிருந்து போட்டிருப்பேன், கூடவே இன்னொருவரையும். "ஒரு வார்த்தையாவது கேளேன்டி" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். "கேட்டா அத்தியாயம் வருமா?" என்றாள்.

எட்டாம் நாள் பதில் வந்தது. ஒன்றும் தேறவில்லை. எட்டு அத்தியாயமும் போனது போனதுதான்.

அன்று சாயந்திரம் நான் அங்கே இருந்தேன். அத்தான் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் நேராக அந்த அறைக்குப் போனார். போனவர் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பெட்டியின் மேல் பின்னல் ஊசி தொங்கும் நூலில் ஒரு சிவப்பு அட்டை கட்டியிருந்தது. அவர் பையிலிருந்து எடுத்த அட்டை. அக்கா குண்டு குண்டான எழுத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள். இயந்திரத்தின் வயது: பதினாலு. குறை: எல்லாம். முன்னெச்சரிக்கை கொடுக்கப்பட்டதா: ஆம், பல முறை. அதற்கடுத்த கட்டத்தில், ஏறியிருந்தவர்கள் எண்ணிக்கை என்று அச்சடித்திருக்கும் இடத்தில், நாற்பத்தொரு பிள்ளைகள் என்று எழுதியிருந்தாள். பரிசோதகர் கையொப்பம் என்ற இடம் மட்டும் காலி.

அத்தான் அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். யாரு ஏறி இறங்குறாங்க என்று இப்போது கேட்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடலாம் என்று நான் வாசலிலேயே காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையை மேசையில் வைத்து, அந்தக் கோழிக் கிளறலைப் போட்டார். பிறகு குனிந்து, எட்டு நாளாக யாரும் நிறுத்தாமல் விட்டிருந்த விசிறியை அணைத்தார்.

மறுநாள் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அக்கா ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அத்தான் கிடந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அச்சுப் புத்தகத்தை வாசித்துச் சொன்னார், அவள் அடித்தாள். கணக்கு வாசிக்க அவருக்குத் தெரிந்தால்தானே! அடைப்புக்குறியை விட்டுவிடுவார், வர்க்கமூலத்தை முழுங்கிவிடுவார், அக்கா ஒரு பார்வை பார்ப்பாள், திரும்ப வாசிப்பார். முடிக்கிற ஒவ்வொரு பக்கமும் அன்றன்றே அச்சகத்துக்குப் போனது. எவ்வளவு ஓடினாலும் எட்டு அத்தியாயம் மிச்சமிருந்த நாலு வாரத்தில் முடியுமா? பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் கையில் இருந்தது ஒன்பதில் மூன்று புத்தகம்.

பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து ஒரு காலை, நான் இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகும் வழியில் அக்கா வீட்டுக்குப் போனேன். இருவரும் வேலையில் இருந்தார்கள். போன் அடித்தது. அக்காவின் கை வேலையாக இருந்ததால் அத்தான்தான் எடுத்தார். விரல் சார். அவர் குரல் கணீரென்று அறை முழுக்கக் கேட்கும்.

"அடுத்த புத்தகம் எப்ப வரும் சார்? டீச்சர் வட்டம் நடத்துறாங்களாம். நம்ம பிள்ளைங்க நாப்பத்தோரு பேரும் பழைய பாடத்தையே திரும்பத் திரும்பத் தடவிட்டு உக்காந்திருக்காங்க. மேடம் எப்பவும் சொன்ன தேதிக்கு முன்னாடியே குடுக்கறவங்களாச்சே, என்னதான் ஆச்சு? கம்ப்யூட்டர் திடீர்னு போயிடுச்சுன்னு இங்க பேசிக்கிறாங்களே."

அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குத் தெரியும் என்ன வரப் போகிறது என்று. வரட்டும் என்றுதான் நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தார். நின்றுவிட்டார்.

"இல்ல சார். திடீர்னு போகல. ரொம்ப வருஷமாவே அது சரியா ஓடல. எல்லாரும் சொன்னாங்க. நான்தான் பிடிச்சு ஓட்டிட்டே இருந்தேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல, பிள்ளைங்ககிட்டயும் அப்படியே சொல்லிடுங்க."

"சரி சார், சொல்லிடறேன்" என்று விரல் சார் போனை வைத்துவிட்டார். பேசுவதற்கென்று நான் வைத்திருந்ததெல்லாம் அப்படியே வாயிலேயே நின்றுவிட்டது.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நூத்திப் பதினாலாம் பக்கம், மூணாவது படம்" என்றாள். "வாசிங்க."